ஊட்டிக்கு வெளியே ஊட்டி: ஒரு நாளுக்கு ஒரு திசையாகச் சுற்றுப்புற ஊர்களைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

ஏரி, தாவரவியல் பூங்கா, தொட்டபெட்டா மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டு, மறுநாள் காலையில் "இனி இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர்களை ஊட்டி பஸ் நிலையத்தில் அடிக்கடி பார்க்கிறேன். அவர்கள் நிற்கும் இடத்திலிருந்து பத்தடி தள்ளி, மஞ்சூர், கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என்று பலகை மாட்டிய பஸ்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் எதில் ஏறினாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பயிர் மாறிவிடும், மழை மாறிவிடும், பக்கத்து இருக்கையில் பேசும் மொழியும் மாறிவிடும். நீலகிரியை அறிய விரும்புகிறவர் ஊட்டியில் தங்கலாம். பகல் பொழுதை ஊட்டிக்கு வெளியேதான் கழிக்க வேண்டும்.

மூன்று நான்கு நாள் தங்க வருகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறி வருகிறவர்களுக்கும் இது பயன்படும்.

முதல் படி: இடங்களின் பட்டியலை விட்டு, திசையைத் தேர்ந்தெடுங்கள்

ஊட்டியை நடுவில் வைத்துப் பாருங்கள். கிழக்கே கோத்தகிரி. தென்கிழக்கே ரயில் பாதையை ஒட்டி லவ்டேல், கேத்தி, அருவங்காடு, வெலிங்டன், குன்னூர். தென்மேற்கே பாலாடா, எமரால்டு, மஞ்சூர் என்று குந்தா வட்டாரம். வடமேற்கே தலைகுந்தா, பைக்காரா, நடுவட்டம் தாண்டிக் கூடலூர். ஒரு நாளுக்கு ஒரு திசை போதும். காலையில் கோத்தகிரி, மாலையில் பைக்காரா என்று திட்டமிட்டால் இரண்டு ஊரையும் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பீர்கள்.

காலை எட்டு மணிக்குள் கிளம்பி, மாலை ஐந்து மணிக்குள் திரும்பும் பஸ்ஸில் ஏறிவிட வேண்டும். மூடுபனி ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், இருட்டத் தொடங்கியதும் தேயிலைத் தோட்டத்துப் பாதைகள் காட்டு மாடுகளுக்கும் கரடிகளுக்கும் உரியவை ஆகிவிடுகின்றன. குன்னூர், கோத்தகிரி பக்கத்துக் குடியிருப்புகளில் கரடி வருவது அன்றாடச் செய்தி. காட்டு மாடு சாதுவாக மேய்வதுபோல் தெரியும். படம் எடுக்க நெருங்கினால் ஆபத்து.

இரண்டாம் படி: எந்தப் பக்கம் மழை என்று பாருங்கள்

நீலகிரிக்கு இரண்டு மழைக்காலம் உண்டு. இரண்டும் மலையின் ஒரே பக்கத்தில் பெய்வதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், குந்தா, அவலாஞ்சி பக்கம் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. அதே மாதத்தில் கோத்தகிரிப் பக்கம் சாரலோடு போய்விடும் நாட்கள் உண்டு. அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ்: வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளைத் தாக்கும், மண்சரிவால் சாலை அடைபடும். 2009 நவம்பர் மண்சரிவில் குன்னூர், கேத்தி வட்டாரங்கள் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை.

ஆகவே ஆடி மாதத்தில் வருகிறவர் கிழக்கே போகட்டும். ஐப்பசியில் வருகிறவர் மேற்கே போகட்டும். டிசம்பர், ஜனவரியில் எந்தத் திசையும் நல்லது. தலைகுந்தாவில் விடியற்காலையில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சூரியன் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் கூட்டம் ஊட்டி நகரத்தில்தான். அப்போது கேத்திப் பள்ளத்தாக்கில் நீங்கள் தனியாக நடக்கலாம்.

மூன்றாம் படி: காரை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் ஏறுங்கள்

2024 மே மாதத்திலிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளி மாவட்ட வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது. அரசு பஸ்ஸில் வருபவருக்கு அந்தக் கவலை இல்லை. ஊட்டியில் பஸ் நிலையமும் ரயில் நிலையமும் அருகருகே இருப்பதால் எந்தத் திசைக்கும் அங்கிருந்தே கிளம்பலாம். கிராமங்களுக்கு உள்ளே போகும் பஸ்கள் குறைவு. இறங்கும்போதே கண்டக்டரிடம், "அண்ணா, இங்கிருந்து ஊட்டிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொன்ன கடைசி பஸ்ஸை நம்ப வேண்டாம், அதற்கு முந்தைய பஸ்ஸுக்கு நில்லுங்கள்.

பையில் ஸ்வெட்டர், குடை, சில்லறை, எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களும் நீலகிரியில் தடை செய்யப்பட்டவை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். காட்டு மாடு பிளாஸ்டிக்கை மென்றுகொண்டு நிற்பதைப் பார்த்தவர் யாரும் இந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்.

நான்காம் படி: ரயில் பாதையிலிருந்து தொடங்குங்கள்

முதல் நாளுக்கு ஏற்ற திசை இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-ல் குன்னூர் வரை வந்த மலை ரயில், 1908-ல் ஊட்டியை எட்டியது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் இடம்பெற்றது. நீராவி எஞ்சினும் பல்சக்கரத் தண்டவாளமும் குன்னூருக்குக் கீழேதான். ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே டீசல் எஞ்சின் இழுக்கிறது. மேட்டுப்பாளையம் ரயிலுக்கு மாதக்கணக்கில் முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பார்கள். இந்த மேல் பகுதியில் ஒரு நாளில் சில வண்டிகள் ஓடுகின்றன, முன்பதிவில்லாத டிக்கெட்டை நிலையத்திலேயே வாங்கி ஏறலாம்.

இந்தப் பாதையின் ஒவ்வொரு நிலையமும் ஒவ்வொரு காரணத்துக்காக எழுந்த ஊர். லவ்டேலில் 1858-ல் நிறுவப்பட்ட லாரன்ஸ் பள்ளி. அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலையும் அதன் குடியிருப்புகளும். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்டின் பயிற்சி மையம், முப்படை அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் கல்லூரி. குன்னூரில் தேயிலை வியாபாரமும் ஏலமும். பத்தொன்பது கிலோமீட்டருக்குள் பள்ளி மாணவர், தொழிலாளி, சிப்பாய், வியாபாரி என்று நால்வகை வாழ்க்கையைக் கடந்துவிடுகிறீர்கள். அருவங்காட்டிலும் வெலிங்டனிலும் கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள், பாதுகாப்புப் பகுதிகள்.

நான் சொல்வது: போகும்போது கேத்தியில் இறங்குங்கள். நிலையத்திலிருந்து கீழே பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கப் படிப்படியாக வெட்டிய காய்கறித் தோட்டங்கள், அவற்றுக்கு நடுவே நீலகிரியின் படுகர் சமூகத்தினர் வாழும் ஊர்களான ஹட்டிகள். வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கும், ஒரே சுவர் இரண்டு குடும்பத்துக்கு. சாலையை விட்டு உள்ளே நுழையும் முன் எதிரே வருபவரிடம், "ஊருக்குள் கொஞ்சம் நடந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தமிழிலேயே கேட்கலாம், தங்களுக்குள் படுக மொழியில் பேசிக்கொண்டிருப்பவர்கள் உங்களிடம் தமிழில் பதில் சொல்வார்கள். பெரும்பாலும் டீயும் வரும்.

அடுத்த வண்டியிலோ பஸ்ஸிலோ குன்னூருக்குப் போய், மதியச் சாப்பாட்டைக் கீழ்க்கடை வீதியில் முடித்துக்கொண்டு, மேல் குன்னூரின் சிம்ஸ் பூங்காவுக்கு ஏறுங்கள். 1874-ல் அமைக்கப்பட்ட பூங்கா. ஊட்டித் தாவரவியல் பூங்காவைவிடச் சிறியது, மரங்களின் அடர்த்தியில் எனக்கு இதுதான் ஒரு படி மேல். எதிரிலேயே பாஸ்டர் நிறுவனம்: 1907-ல் வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தரத் தொடங்கப்பட்டு, இன்று தடுப்பூசிகள் தயாரிக்கிறது. டால்பின் நோஸ், லேம்ப்ஸ் ராக் இரண்டும் நல்ல காட்சிமுனைகள்தான். அவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ஜூலை, ஆகஸ்டில் வந்தால் மட்டும் குன்னூருக்குக் கீழே பர்லியாறு வரை பஸ்ஸில் இறங்கிவிட்டு வாருங்கள். சாலையோரக் கடைகளில் மங்குஸ்தானும் துரியனும் குவிந்திருக்கும். ஸ்வெட்டரோடு கிளம்பி ஒரு மணி நேரத்தில் வியர்க்கும் ஊருக்கு வந்திருப்பீர்கள்.

ஐந்தாம் படி: பாலாடாவில் கேரட் கழுவுவதைப் பாருங்கள்

சந்தையில் "ஊட்டி கேரட்" என்று விற்பதில் பெரும்பகுதி ஊட்டி நகரத்தில் விளைவதில்லை. கேத்தி பாலாடா, முத்தோரை பாலாடா, நஞ்சநாடு, (நாமக்கல் மலையல்ல, இங்குள்ள) கொல்லிமலை போன்ற ஊர்களின் பள்ளங்களில் விளைகிறது. இந்தத் திசைக்கு மட்டும் இன்னும் சீக்கிரம் கிளம்புங்கள். அறுவடை விடியலுக்கு முன்பே தொடங்கிவிடும். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பிடுங்குகிறவர்களும் உண்டு.

சாலையோரத்தில் கேரட் கழுவும் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆள் உயரத்துக்குக் கிடையாகப் படுத்திருக்கும் பெரிய உருளை, உள்ளே தண்ணீர் பீய்ச்சும் குழாய். மண் அப்பிய கேரட்டை மூட்டை மூட்டையாக ஒரு பக்கம் கொட்டுகிறார்கள். உருளை சுழலச் சுழல முதலில் சேற்று நீர் வழிகிறது, பிறகு கலங்கலாக, பிறகு தெளிவாக. மறுபக்கம் பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் உருண்டு விழுகிறது. பெண்கள் உட்கார்ந்து உடைந்ததையும் கிளை விட்டதையும் தனியே ஒதுக்குகிறார்கள். மூட்டையின் வாயைத் தைத்த கையோடு லாரி மேட்டுப்பாளையத்து மண்டிக்குக் கிளம்புகிறது. அன்றைய விலை என்னவென்று அங்கே நிற்கும் விவசாயியிடம் கேளுங்கள். விலை நல்லதாக இருந்தால் ஒரு பிடி கேரட் கையில் திணிக்கப்படும், இல்லையென்றால் விதை விலையிலிருந்து லாரி வாடகை வரை கணக்கு வரும். இரண்டுமே கேட்க வேண்டியவை.

முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளின் வீட்டு அமைப்பு, கருவிகள், அணிகலன்கள் எல்லாம் ஒரே இடத்தில். மற்றத் திசைகளுக்குப் போவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. பிறகு பஸ்ஸில் பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் சால்வைக்கும் பேச்சுக்கும் பின்னால் என்ன இருக்கிறது என்று ஓரளவு புரியும்.

அதே வட்டாரத்தில் ஒரு மலைச்சரிவின் நீளத்துக்கு வரிசையாக இரும்புச் சட்டங்கள் நிற்பதைக் காண்பீர்கள். அது டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-ல் இயங்கத் தொடங்கியது. இந்தச் சரிவைத் தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அது வடக்கு-தெற்காகச் சுமார் 11 பாகை சாய்ந்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் சுமார் 11 பாகை. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளைக் கிழக்கிலிருந்து மேற்கே மணிக்கணக்கில் பின்தொடரலாம். அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. ஆனால் கேரட் தோட்டத்துக்கு மேலே அது நிற்கும் கோலம் சாலையிலிருந்தே தெளிவாகத் தெரியும்.

நேரம் இருந்தால் மஞ்சூர் வரை போங்கள். வழியெங்கும் குந்தா நீர்மின் திட்டத்தின் அணைகளும் குழாய்களும். கனடாவின் உதவியோடு 1950-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை அது. மஞ்சூரிலிருந்து கெத்தை வழியாகக் காரமடைக்கு இறங்கும் 43 கொண்டை ஊசி வளைவுச் சாலை யானைகள் நடமாடும் பாதை. பஸ்ஸில் பகலில் மட்டும்.

ஆறாம் படி: கோத்தகிரிக்கு முழு நாள் ஒதுக்குங்கள்

கோத்தகிரி ஊட்டியைவிடத் தாழ்ந்தது, வெதுவெதுப்பானது, நிதானமானது. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்து முதலில் தங்கியது இந்தப் பக்கம்தான். கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது. பழைய படங்களும் ஆவணங்களும் உண்டு. ஊட்டி உருவானதற்கு முந்தைய கதை இங்கே கிடைக்கும்.

அடுத்து லாங்வுட் சோலை. ஊரை ஒட்டி 116 ஹெக்டேரில் எஞ்சியிருக்கும் காடு. 2024-ல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குக் குடிநீர் தரும் ஊற்றுகள் இதற்குள் இருக்கின்றன. வனத்துறையிடம் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். உள்ளே பேச்சைக் குறைத்தால் பறவைகள் அருகில் வரும். மரப்பாசி தொங்கும் கிளைகளுக்கு அடியில் நடக்கும்போது அட்டைக்கு உப்புப் பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் கட்டபெட்டு. சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை இருக்கும் சந்திப்பு. பிற்பகலில் பசுந்தேயிலை மூட்டைகள் வந்து எடை போடப்படும். இலையை நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவார்கள், உருளைகளில் நசுக்குவார்கள், பச்சை செம்பு நிறமாக மாறும்வரை புளிக்க விடுவார்கள், பிறகு சூட்டில் உலர்த்திச் சலிப்பார்கள். மேலாளர் சம்மதித்தால் உள்ளே பார்க்கலாம். வாட்டும் தளத்தில் வெட்டிய புல்லின் வாசனை, உலர்த்தும் இடத்தில் நாம் அறிந்த டீத்தூள் வாசனை. இரண்டுக்கும் இடையே முப்பதடிதான். காட்சிக்கென்றே நடத்தப்படும் தேயிலைக் கூடங்களில் சாக்லேட் கடை பெரிதாக இருக்கும். இங்கே பசுந்தேயிலையின் கிலோ விலைதான் பேச்சு. இந்த மலையில் வீடு கட்டுவதும் கல்யாணம் நடப்பதும் அந்த விலையைப் பொறுத்தது.

டிசம்பர், ஜனவரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழா. படுகர்கள் வெள்ளை உடையில் ஊர் ஊராக நடந்தே வருவார்கள். மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. வெளியூர்க்காரர் போய் நிற்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஓரமாக நின்று, சொல்லும் இடத்தில் அமர வேண்டும்.

ஏழாம் படி: மந்துக்குப் போகும் முறை

தோடர்களின் ஊர் மந்து. தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே ஒன்று இருக்கிறது. தலைகுந்தா அருகே முத்தநாடு மந்தில் கூம்பு வடிவில் உயர்ந்து நிற்கும் மூன்போ கோயில் அவர்களுக்கு மிகப் புனிதமானது. கோயிலைச் சுற்றிய கல் சுவரைத் தாண்டக்கூடாது. தோடரல்லாதவர் எவரும் உள்ளே போவதில்லை, தோடர்களிலும் பெண்கள் போவதில்லை. எருமைகளைத் தொடாதீர்கள். பிரம்பும் மூங்கிலும் புல்லும் கொண்டு வளைத்துக் கட்டிய பழைய வீடுகள் சிலவே எஞ்சியுள்ளன. பெரும்பாலோர் காரை வீட்டில் வாழ்கிறார்கள், அதைப் பார்த்து ஏமாற்றமடைய நமக்கு உரிமை இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழை எண்ணிப் போடும் எம்பிராய்டரி 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்குவதானால் தைத்த பெண்ணிடமே வாங்குங்கள். பேரம் வேண்டாம், ஒரு சால்வைக்கு வாரக்கணக்கான உழைப்பு போகிறது.

எட்டாம் படி: கடைசியாகக் கூடலூர், பந்தலூர்

இது ஒரே நாளில் போய்த் திரும்பக் கூடியதில் மிக நீண்டது. சுமார் ஐம்பது கிலோமீட்டர். நடுவட்டத்தில் ஒருமுறை இறங்குங்கள். 1860-களில் மலேரியாவுக்கான குயினைன் எடுக்கச் சின்கோனா பயிரிட்ட இடம். தோட்ட வேலைக்குச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்த சிறை இன்னும் நிற்கிறது. அங்கிருந்து சாலை இறங்க இறங்க யூகலிப்டஸ் போய்ப் பாக்கும் மிளகும் காப்பியும் வரும், ஸ்வெட்டர் பைக்குள் போகும், கடைப் பலகைகளில் மலையாளம் தோன்றும். இந்தப் பகுதி 1877 வரை வயநாட்டோடு இருந்தது. கூடலூர் பஸ் நிலையத்தில் நின்றால் தமிழ், மலையாளம், கன்னடம், படுகம், பணியர் மொழி எல்லாம் காதில் விழும். மதியச் சாப்பாட்டில் குண்டரிசிச் சோறும் மீன் குழம்பும் கிடைக்கும்.

பந்தலூர், தேவாலா பக்கம் 1880-ஐ ஒட்டித் தங்கச் சுரங்கம் தோண்ட லண்டன் பணம் கொட்டியது. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது. இன்று அந்த மலைகளில் தேயிலை. அரசின் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டங்களில், லைன் வீடுகள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளில் வாழ்கிறவர்கள் பலர் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 1964-ன் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று இரு அரசுகளும் முடிவு செய்தன, அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968-ல் இந்தத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கண்டியிலும் ஹட்டனிலும் கொழுந்து பறித்தவர்கள் இங்கே வந்தும் கொழுந்தே பறித்தார்கள். லைன் வீடுகளைச் சுற்றிப் பார்க்கும் இடமாக நினைத்துப் போகாதீர்கள். தோட்டத்து டீக்கடையில் உட்காருங்கள், பெரியவர் யாராவது இருந்தால் "அய்யா, நீங்கள் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு நேரம் கொடுங்கள். தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்தது, வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், அங்கிருந்து இங்கே வந்தது எல்லாம் அவர்களின் பேச்சில் வரும்.

பந்தலூர் வரை போவதானால் கூடலூரில் ஒரு இரவு தங்குவது நல்லது. தங்காதவர் பிற்பகல் மூன்று மணிக்குக் கூடலூர் பஸ் நிலையத்தில் இருக்க வேண்டும். மேலே நடுவட்டத்தில் பனி இறங்கினால் பஸ் நத்தை வேகத்தில்தான் ஏறும். கூடலூரிலிருந்து மசினகுடி போய்க் கல்லட்டி வழியாக ஊட்டி ஏற நினைப்பவர், 36 கொண்டை ஊசி வளைவுள்ள அந்தச் சாலையில் அன்று என்ன கட்டுப்பாடு என்று மசினகுடி சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டுக் கிளம்பட்டும்.